மூன்று பவுன் வரியும் மொரீஷியஸ் வீடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாலு தமிழர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. உம்லாங்காவில் கடலைப் பார்த்த வீடு வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டு மொரீஷியஸ் போய்விட்டார். இன்னொருவர் துபாய். ஒரு டாக்டர் குடும்பம் ஆஸ்திரேலியா. ஏன் போனார்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: இங்கே வரி கட்டி மாளவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் வருமான வரிப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். போன ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னைக் கேட்டார்: "தம்பி, பணக்காரங்க எல்லாம் போயிட்டா அவங்க கட்டின வரியை யாரு கட்டுறது? நம்ம தலையிலயா?" கூட்டத்தில் விளக்கிச் சொல்ல நேரமில்லை. விஷயமும் இரண்டு வாக்கியத்தில் அடங்குவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வரிக்காக நாடு மாறுவதற்கும் பாஸ்போர்ட்டுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அமெரிக்கா, எரித்ரியா போல ஓரிரு நாடுகள்தான் தன் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் கணக்குக் கேட்கும். மற்ற நாடுகளில் அநேகமாக எல்லாமே, ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதைத்தான் பார்க்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 2001 ஜனவரி முதல் அதுதான் சட்டம். அதற்கு முன் இந்த மண்ணில் சம்பாதித்ததற்குத்தான் முக்கியமாக வரி. அன்றிலிருந்து, இங்கே குடியிருப்பவர் உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் சார்ஸுக்கு, அதாவது இந்நாட்டு வரித் துறைக்கு, கணக்குக் காட்ட வேண்டும்.

குடியிருப்பவர் யார்? இதற்கு இரண்டு அளவுகோல் இருக்கின்றன. ஒன்று, நாள் கணக்கு. இந்த ஆண்டிலும் முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் 91 நாளுக்கு மேல், அந்த ஐந்தாண்டில் மொத்தம் 915 நாளுக்கு மேல் இங்கே இருந்தால் நீங்கள் குடியிருப்பவர். இன்னொன்று, எண்ண முடியாதது. 1946இல் ஒரு வழக்கில் இந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஒரு விளக்கம் சொன்னது. ஊர் ஊராக அலைந்துவிட்டு ஒரு மனிதன் இயல்பாக எந்த நாட்டுக்குத் திரும்பி வருவானோ, அதுதான் அவன் வழக்கமாகக் குடியிருக்கும் நாடு என்பது அதன் சாரம். எனக்கு இந்த வரையறை மிகவும் பிடிக்கும். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், பெண்டாட்டி எங்கே இருக்கிறார், நாயை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது வரைக்கும் அதிகாரிகள் விசாரிப்பது இதனால்தான். வருடத்தில் எட்டு மாதம் வெளியூரில் இருந்தும், "நீங்கள் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறீர்கள்" என்ற பதில் வாங்கியவர்கள் உண்டு.

சரி, ஒருவர் உண்மையாகவே மூட்டை கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் வெளியேறும் வரி வருகிறது. குடியிருப்பு முடிவதற்கு முந்தைய நாள் அவர் தன் சொத்தையெல்லாம் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகச் சட்டம் பாவித்துக்கொள்ளும். உண்மையில் ஒன்றையும் விற்றிருக்க மாட்டார். இருந்தாலும் லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். உதாரணத்துக்கு, 40 லட்சம் ராண்டுக்கு வாங்கிய பங்குகள் இன்று 1 கோடியே 40 லட்சம் பெறுமானால், லாபம் 1 கோடி. அதில் 40 சதவீதம், அதாவது 40 லட்சம், வருமானத்தோடு சேரும். உச்ச விகிதமான 45 சதவீதத்தில் இருப்பவருக்கு வரி 18 லட்சம் ராண்டு. சின்னச் சின்னக் கழிவுகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன். இங்கே இருக்கும் வீடு, நிலம் இந்தக் கணக்கில் சேராது. அவை எங்கும் ஓடிவிடாது, விற்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.

போகிறவர்கள் இதைத் தண்டனை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பங்குகளின் மதிப்பு ஏறியது இந்த நாட்டில் இருந்த காலத்தில். இங்கே வேலை செய்த ஆட்கள், இங்கே போட்ட ரோடு, இங்கே இருந்த கோர்ட்டு எல்லாம் அந்த ஏற்றத்தில் சேர்ந்திருக்கின்றன. புறப்படும் நாளில் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகச் சொல்வது நியாயம்தான்.

மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாக இறுக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தென்னாப்பிரிக்கர்களின் சம்பளத்துக்கு முன்பு இங்கே முழு விலக்கு இருந்தது. 2020 மார்ச் முதல் 12 லட்சத்து 50 ஆயிரம் ராண்டு வரைக்கும்தான் விலக்கு. துபாயில் வரி இல்லாமல் சம்பாதித்துக்கொண்டு, மனதளவில் டர்பனிலேயே குடியிருந்தவர்களை இது நேராகத் தாக்கியது. 2021 மார்ச்சில் இன்னொன்று வந்தது: குடியிருப்பை முறித்து மூன்று ஆண்டு ஆன பிறகுதான் ஓய்வூதிய நிதியை முழுதாக எடுத்துப்போக முடியும். ரிசர்வ் வங்கி வழியாக "எமிக்ரேட்", அதாவது நாடு விட்டுப் போனவர், ஆகும் பழைய முறையும் அப்போதே முடிந்துவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் அந்தப் பழைய சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

பணத்தை ஒளித்துவைப்பதும் முன்போல இல்லை. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் தென்னாப்பிரிக்கா 2017இலும் மொரீஷியஸ் 2018இலும் சேர்ந்துவிட்டன. போர்ட் லூயிஸ் வங்கியில் ஒருவர் போட்டுவைக்கும் பணம் பிரிட்டோரியாவில் தெரிந்துவிடும். ஆகவே இன்று வரிக்காகப் போகிறவர் ஆளோடு போயே ஆக வேண்டும்.

உண்மையில் வரிக்காகத்தான் போகிறார்களா என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே உச்ச விகிதம் 45 சதவீதம். ஆஸ்திரேலியாவிலும் 45, பிரிட்டனிலும் 45. எந்த வருமானத்துக்கு மேல் அது தொடங்குகிறது என்பதில் வித்தியாசம் உண்டு. ஆனால் பெர்த்துக்கும் சிட்னிக்கும் போகிற டாக்டர் வரியிலிருந்து தப்பிப் போகிறார் என்று சொன்னால் கணக்கு இடிக்கிறது. அவர் போவது வேறு காரணத்துக்கு. 2021 ஜூலையில் குவாசுலு-நட்டாலிலும் கௌட்டெங்கிலும் நடந்த கலவரத்தில் 350 பேருக்கு மேல் செத்தார்கள். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதித் தெருக்களில் அந்த வாரம் இருந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் வெள்ளம் வந்து 400 பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போனது. இடையில் மின்வெட்டு. வரி கட்டிய கையோடு செக்யூரிட்டி கம்பெனிக்கு ஒரு பில், மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு பில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பில். கட்டிய வரிக்குப் பலன் கண்ணில் படாதபோது, மனக்குறை எல்லாம் சேர்ந்து "வரி" என்ற ஒரே சொல்லாக வாயில் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஊழலும் கவனிப்பின்மையும் செய்த காயத்துக்கு வரி விகிதத்தைக் குறைப்பதுதான் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போகிறவர் போன பிறகும் அந்தக் காயம் இங்கே இருப்பவர்களுக்கு அப்படியேதான் இருக்கும்.

துபாய்க்கும் மொரீஷியஸுக்கும் போகிறவர்கள் விஷயம் வேறு. அங்கே வரி உண்மையாகவே காரணம். ஆண்டுதோறும் இத்தனை ஆயிரம் கோடீஸ்வரர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று பத்திரிகைகளில் வரும் எண்ணிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அவற்றில் பல, பணக்காரர்களுக்கு வெளிநாட்டு விசாவும் குடியுரிமையும் வாங்கித் தரும் தொழிலில் இருப்பவர்கள் சொல்பவை. ஊர் காலியாகிறது என்ற பயம் அவர்களுக்கு வியாபாரம்.

மொரீஷியஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் ஆட்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழை ஓர் இடம் கீழே தள்ளி அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாலு மணி நேரம் விமானத்தில் போனால் போதும்; கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தூரம்.

அந்தத் தீவின் செல்வம் கரும்பில் இருந்தது. ஐரோப்பா மொரீஷியஸ் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த நல்ல விலை நெடுநாள் நிலைக்காது என்று தெரிந்தபோது, நிலம் வைத்திருந்த பெரிய கம்பெனிகள் வேறு வழி தேடின. 2002இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரிசார்ட் போலக் கட்டப்படும் குடியிருப்பில் குறைந்தது 5 லட்சம் அமெரிக்க டாலருக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடும்பத்தோடு தங்கும் உரிமை. 2020இல் அந்தத் தொகையை 3 லட்சத்து 75 ஆயிரமாகக் குறைத்தார்கள். தமரின், பிளாக் ரிவர் பக்கம் கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தில் கோல்ஃப் மைதானங்களும் வில்லாக்களும் எழுந்தது இப்படித்தான். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களும் பிஹாரிகளும் கல் பொறுக்கிச் சீர்செய்த கரும்பு நிலம் அது. இன்று அங்கே மேற்குக் கரையில் தென்னாப்பிரிக்க ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் பிரெஞ்சும் சகஜமாகக் காதில் விழுகின்றன.

வீட்டோடு கூட வரி வந்து சேர்ந்தது. 2007இல் வருமான வரி, கம்பெனி வரி இரண்டையும் 15 சதவீதம் என்ற ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்தவர் அப்போதைய நிதியமைச்சர் ராமா சித்தானென். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். சொத்து விற்ற லாபத்துக்கு வரி இல்லை, வாரிசு வரி இல்லை, செல்வ வரி இல்லை. வெளிநாட்டில் வரும் முதலீட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால்தான் வரி. இங்கே இறந்தவர் சொத்துக்கு 20 சதவீதம், 3 கோடி ராண்டுக்கு மேல் 25 சதவீதம் என்று எஸ்டேட் வரி இருக்கும்போது, வயதான பணக்காரர் ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்தால் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தீவும் அப்படியே நிற்கவில்லை. 2017இல் பெரிய வருமானத்துக்கு மேலே ஒரு கூடுதல் வரி சேர்ந்தது. 2020இல் அதை உயர்த்தினார்கள். 2023இல் ஒரே விகித முறையைக் கைவிட்டு 0 முதல் 20 சதவீதம் வரை படிப்படியான வரிக்குப் போனார்கள். 2025 ஜூன் பட்ஜெட்டில், ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் மொரீஷியஸ் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு இன்னும் 15 சதவீதம் மூன்று ஆண்டுக்குக் கட்ட வேண்டும் என்று வந்தது. காரணம் எளிது: கடன். அதே பட்ஜெட்டில் முதியோர் ஓய்வூதியம் பெறும் வயதை 60இலிருந்து படிப்படியாக 65க்குக் கொண்டுபோவதாக அறிவித்ததும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கரும்பு வெட்டிய கைக்கும் ஓட்டலில் தட்டுக் கழுவிய கைக்கும் அறுபது வயதே பெரிய வயது. அவர்களிடம் இன்னும் ஐந்து வருடம் பொறு என்று சொல்லும் அரசு, கோடீஸ்வரரிடம் ஒன்றும் கேட்காமல் இருக்க முடியாது.

பக்கத்தில் இருக்கும் ரீயூனியனில் இந்த வழியே கிடையாது. அது 1946 முதல் பிரான்சின் மாவட்டம்; பாரிஸ் சட்டம்தான் அங்கேயும். தீவில் குடியிருப்பவர்களுக்கு வருமான வரியில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. பிரெஞ்சுப் பணக்காரருக்கு வரி குறைய வேண்டுமென்றால் ரீயூனியனைத் தாண்டி மொரீஷியஸில் இறங்க வேண்டும். 2012இல் நடிகர் ஜெரார் தெபார்தியூ பெல்ஜிய எல்லைக் கிராமத்தில் வீடு வாங்கியது உலகச் செய்தியானது. அதே திசையில் சத்தமில்லாமல் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தவர்கள் செய்தியாகவில்லை.

இப்போது நம் ஊரில் நடந்த பழைய சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். வரி என்ற சொல்லும் நாடு விட்டுப் போவது என்ற சொல்லும் சேர்ந்து வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த கூலிகள் பலர் ஊருக்குத் திரும்பாமல் காய்கறி பயிரிட்டார்கள், கூடை சுமந்து விற்றார்கள், சிறு கடை வைத்தார்கள். வெள்ளைக் குடியேற்றக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுக்குக் கூலி வேண்டும், குடிமகன் வேண்டாம். 1895இல், டர்பன் அடங்கிய நேட்டால் காலனி அரசு 17ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடியும் ஒப்பந்தக் கூலியாகச் சேர வேண்டும். இல்லையென்றால் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது 25 பவுன். பிறகு 1903இல் 16 வயதான பையன்களும் 13 வயதான பெண்களும்கூடக் கட்ட வேண்டும் என்று விரித்தார்கள்.

நான் என் தொழில் புத்தியில் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளம் முதல் ஆண்டில் 10 ஷில்லிங், ஐந்தாம் ஆண்டில் 14. அந்த 14 ஷில்லிங் அளவுக்குச் சம்பாதிக்கும் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 168 ஷில்லிங், வரி 60. அதாவது கிட்டத்தட்ட 36 சதவீதம், ஓர் ஆளுக்கு மட்டும். பெண்டாட்டிக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் தனித்தனி. 2025/26 வரி ஆண்டில், 45 சதவீத உச்சப் படியின் வாசலில் நின்ற 18 லட்சத்து 17 ஆயிரம் ராண்டு வருமானக்காரர் மொத்தமாகக் கட்டியது சுமார் 34.5 சதவீதம். உம்லாங்கா வீட்டுக்காரரைவிட, கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த நம் கொள்ளுப்பாட்டன் தன் வருமானத்தில் பெரிய பங்கைக் கட்டச் சொல்லப்பட்டார். கட்ட முடியாமல் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்களும் கப்பலேறித் திரும்பிப் போனவர்களும் ஏராளம். அந்த வரி வசூலுக்காகப் போட்டதில்லை. ஆளை விரட்டப் போட்டது.

அதை எதிர்த்துத்தான் 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், அவர்களில் அநேகர் தமிழ்ப் பெண்கள், சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசி அதைத் தொடங்கிவைத்தார்கள். நவம்பரில் காந்தியோடு இரண்டாயிரம் பேருக்கு மேல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களும் நின்றன. சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 16. அந்த ஆண்டே சட்டம் வந்து மூன்று பவுன் வரி ஒழிந்தது.

வரி அநியாயமாக இருக்கலாம் என்பது இந்த ஊர்த் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான், 34 சதவீதம் கட்டியும் மிச்சத்தில் கடலோர வீடு வாங்க முடிகிற ஒருவர் தன்னை வரி அகதி என்று சொல்லிக்கொள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போக அவருக்கு உரிமை உண்டு. அந்தச் சொல்லுக்கு உரிமை இல்லை.

அப்புறம், அக்காவின் கேள்வி. பதில்: ஆமாம், கொஞ்சம் நம் தலையில்தான். ஆனால் யாரும் அறிவித்துச் செய்வதில்லை.

அரசின் வரி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தனிநபர் வருமான வரி. வாட் கால் பங்கு. வருமான வரியில் பெரும்பகுதியைத் தருவது ஒரு சிறு கூட்டம். அதில் சிலர் போனாலும் ஓட்டை விழுகிறது. கஜானாவின் பற்றாக்குறையை அடைக்க 2025இல் வாட்டைக் கூட்டப் பார்த்தார்கள். வருமான வரியை இன்னும் ஏற்றினால் முதலீடும் வேலையும் கெடும் என்பது நிதியமைச்சரின் வாதம். கூட்டணிக்குள் சண்டை முற்றி, ஏப்ரல் 24 அன்று அந்த உயர்வு கைவிடப்பட்டது. வாட் 15 சதவீதத்திலேயே நின்றது. அரிசிக்கும் பருப்புக்கும் மக்காச்சோள மாவுக்கும் வாட் கிடையாது என்றாலும், சோப்புக்கும் பிள்ளைகளின் யூனிஃபார்முக்கும் உண்டு.

வாட்டை எதிர்த்துக் கூச்சல் போட முடிந்தது. இன்னொன்று கூச்சலே இல்லாமல் நடந்தது. 2024, 2025 இரண்டு பட்ஜெட்டிலும் வருமான வரிப் படிகளை, அதாவது எந்த வருமானத்துக்கு மேல் எந்த விகிதம் என்ற எல்லைகளை, விலைவாசிக்கு ஏற்ப நகர்த்தவில்லை. அப்போது ஆண்டுக்கு 3 லட்சத்து 65 ஆயிரம் ராண்டு வாங்கிய ஒரு நர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வரி 58,697. விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட 5 சதவீதச் சம்பள உயர்வு வருகிறது; சம்பளம் 3,83,250. அதில் 3,70,500க்கு மேற்பட்ட பகுதி 26 சதவீதப் படியிலிருந்து 31க்குப் போய்விடுகிறது. வரி இப்போது 64,079. சம்பளம் ஏறியது 5 சதவீதம், வரி ஏறியது 9 சதவீதம். கடையில் வாங்கும் சக்தி முன்பைவிடக் குறைவு. பட்ஜெட் உரையில் இதற்கு ஒரு பத்தி. டிவியில் ஒரு நிமிடம். மொரீஷியஸ் போகிறவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், போகிறவரைத் தடுப்பதைவிட இந்தப் படிகளை ஆண்டுதோறும் நகர்த்தச் சொல்லிக் கேட்பதுதான் நமக்கு முக்கியம்.

ஜூலையில் சார்ஸ் அக்காவுக்கு ஆட்டோ அசெஸ்மென்ட் அனுப்பும். போனில் ஒரு செய்தி வரும். சம்பளம், ஆஸ்பத்திரி பிடித்த வரி, மெடிக்கல் எய்டு எல்லாம் முன்பே நிரப்பியிருக்கும். சரியாக இருந்தால் அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். பணம் கைக்கு வரும் முன்பே மாதா மாதம் பிடித்தாகிவிட்டது.